பழைய காரும் பதிவுப் பத்திரமும்



மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதியில் ஒரு மொறிஸ் மைனர் கார் செல்கிறதென்று வைத்துக்கொள்வோம். உருண்ட முதுகும் வட்டமான முன்விளக்குகளும் அதன் பிறப்பை ஐயமறக் கூறுகின்றன. ஆனால் அருகே வந்ததும் கேட்கும் ஓசை வேறு. முன்மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது ஜப்பானில் பிறந்த டட்சன் எஞ்சின். கியர்ப் பெட்டியும் அதனுடையதே. ஆசனங்கள் மற்றொரு காரிலிருந்து வந்தவை. தரைத்தகடு மன்னாரிலே வெட்டி ஒட்டப்பட்டது. நிறமோ மும்முறை மாறிவிட்டது. 1950களிலே பதிவுசெய்யப்பட்ட அதே கார்தானா இது? தருக்க நூலாரிடம் இவ்வினாவை விட்டால் அவர்கள் பல நாள் வாதிப்பர். வீதியில் மறிக்கும் பொலிஸ் உத்தியோகத்தரும் காப்புறுதிக் கம்பனியாரும் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. பதிவுப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி.

பழைய சிறு கார்களை எந்த அளவுக்கு மாற்றலாம், மாற்றியதை எவ்வாறு சட்டத்துக்கு அறிவித்தல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள். கார் வைத்திருப்போரின் பொழுதுபோக்கு இது என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டாம். வடபுலத்தில் இக்கார்கள் ஆடம்பரத்துக்காக வைத்திருக்கப்பட்டவை அல்ல. நோயாளியை வைத்தியசாலைக்கும், மணமக்களைக் கோயிலுக்கும், யாத்திரிகரை மடுவுக்கும் கொண்டு சென்றவை அவை.

மொறிஸ் மைனர் 1948 ஒக்டோபரில் இலண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ்; 1959 இல் வெளிவந்த மினி காரும் அவருடைய படைப்பே. மைனரின் எஞ்சின் முதலில் 918 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு உடையதாயிருந்தது. பின்னர் 803, 948, 1098 என மாறிற்று. உற்பத்தி நின்ற 1970களின் தொடக்கத்துக்குள் 16 இலட்சத்துக்கு மேற்பட்ட மைனர்கள் செய்யப்பட்டிருந்தன. இக்காரோடு ஒஸ்ரின் ஏ-30, ஏ-40 சோமசெற், கேம்பிறிட்ஜ் ஆகியனவும் இலங்கையில் நிறைய இறங்கின. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, உள்ள காரைப் பழுது பார்த்து ஓட்டுவதே பலருக்கு இயன்றதாயிற்று. பழுது பார்த்தல் எங்கே முடிகிறது, மாற்றியமைத்தல் எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி அக்காலத்தில் எவருக்கும் எழவில்லை.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின், வடக்கில் அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த பகுதிகளுக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. அப்பொழுது யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பழைய மொறிஸ்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை உலகமே வியந்து எழுதியது. வியப்புக்குக் காரணம் உண்டு, மாயம் ஏதுமில்லை. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. அமுக்கம் மிகுந்த எஞ்சினில் அது உரிய கணத்துக்கு முன்பே வெடித்து உலோகத்தைத் தட்டும். பழைய பிரித்தானிய எஞ்சின்களின் அமுக்க விகிதமோ குறைவு. 803 கன சென்ரிமீற்றர் எஞ்சினில் அது ஏறத்தாழ 7க்கு 1. ஆதலின் சில துளி பெற்றோலை விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் அது ஓடிற்று. புகை கக்கிற்று, எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயிற் கலந்து அதை நீராக்கிற்று, வால்வுகள் கரிபிடித்தன. என்றாலும் ஓடிற்று. அந்தக் கராஜ்காரர்களின் கைவண்ணத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது. எரிபொருளை மாற்றியமைத்தால் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டுமென்று அன்று அவர்களுக்கு யாரேனும் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். திணைக்களம் கொழும்பில், இடையே போர்முனை.

சட்டம் மட்டும் அப்பொழுதும் மாறாமல் இருந்தது. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், பிற்காலத் திருத்தங்களோடு, இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் அடிப்படை எளியது. பதிவு செய்யப்படாத வாகனத்தை வீதியில் ஓட்டலாகாது. பதிவேட்டிலே வாகனத்தின் வகை, சேசிஸ் இலக்கம், எஞ்சின் இலக்கம், எரிபொருள், நிறம், ஆசனங்களின் எண்ணிக்கை முதலியன குறிக்கப்படும். இவற்றில் எது மாறினும் பதிவுபெற்ற உரிமையாளர் அதனை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பத்திரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். எஞ்சின் மாற்றமாயின் புதிய எஞ்சின் நேர்மையாகப் பெறப்பட்டதென்பதற்குச் சான்று வேண்டும். வாகனப் பரிசோதகரின் பார்வைக்கும் கார் உட்படலாம்.

இதனால் ஒரு பாகுபாடு தானே விளங்கும். தேய்ந்த பிறேக் கட்டையை மாற்றுவதும், பழைய டைனமோவுக்குப் பதிலாக ஒல்ரனேற்றர் பூட்டுவதும் பதிவேட்டைத் தொடுவதில்லை. ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் நம் நாட்டில் நிறுத்தப்பட்டபின், வால்வு இருக்கைகளைக் கடின உலோகத்தில் அமைத்துக்கொண்டவர்களும் திணைக்களத்திடம் போக வேண்டியதில்லை. நீல நிறக் காருக்குப் பச்சை பூசுவதோ, சிறிய செயலாயினும், பதிவேட்டைத் தொடுகிறது. பச்சைக் கார் விபத்துக்குள்ளாகி, பத்திரத்தில் நீலம் என்று இருந்தால் அங்கே தொடங்கும் வாதம் எங்கே முடியுமென்று சொல்ல முடியாது.

எஞ்சின் மாற்றத்தைச் சற்று விரிவாகப் பார்த்தல் நன்று. மைனருக்கு உரிய எஞ்சின் கிடைக்காதபோது, அல்லது கிடைத்தும் அதன் மெதுவான நடை பிடிக்காதபோது, டட்சன் சனி, டொயொட்டா கொறொலா போன்ற கார்களின் எஞ்சின் ஏற்றப்படுகிறது. உதிரிப்பாகம் எளிதிற் கிடைக்கும், எண்ணெய் ஒழுகாது. இவை நியாயமான காரணங்களே. ஆனால் 948 கன சென்ரிமீற்றர் மைனரின் வலு 37 குதிரைவலு மட்டுமே. அந்த வலுவை அடக்குவதற்கென்றே நான்கு சில்லுகளிலும் சிறிய உருளைப் பிறேக்குகள் வைக்கப்பட்டன. அவை நான்குக்கும் எண்ணெய் அனுப்புவது ஒரே குழாய்த் தொகுதி. எங்கேனும் ஒரு குழாய் கறள் தின்று வெடித்தால் நான்கு பிறேக்கும் ஒருங்கே போய்விடும். இத்தகைய வண்டிக்குள் 60 குதிரைவலுவை எட்டும் எஞ்சினை வைத்துவிட்டு, பிறேக்கை அப்படியே விட்டுவிடுவோர் பலர். வேகம் 50 கிலோமீற்றரிலிருந்து 70 கிலோமீற்றராக உயரும்போது பிறேக் விழுங்கவேண்டிய ஆற்றல் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. மதவாச்சியிலிருந்து மன்னாருக்கு வரும் வீதியின் நேரான பகுதிகள் வேகத்துக்கு ஆசை காட்டுவன. மன்னார்ப் பட்டினத்தை அண்மித்ததும் வீதியின் நடுவே கழுதைகள் நிற்கும். மன்னார்க் கழுதை ஹோர்ன் அடித்தாற் போகாது. அது அவ்வூர் அறிந்த செய்தி.

ஆகவே எஞ்சினை மாற்றுவோர் முன்சில்லுகளுக்குத் தட்டுப் பிறேக்கும், இரு கிளையாகப் பிரிந்த எண்ணெய்த் தொகுதியும் அமைத்துக்கொள்ள வேண்டும். பத்திரத்திலே பிறேக்குக்கு ஓர் இலக்கம் இல்லை, எஞ்சினுக்கே உண்டு. ஆதலின் பத்திரத்தைத் திருத்திவிட்டதும் கடமை முடிந்ததென்று எண்ணுவது பிழை. வாகனத்தின் பிறேக்கும் திசைமாற்றியும் விளக்கும் செவ்வையாக இருத்தல் வேண்டுமென்பது பதிவுக்குப் புறம்பாகச் சட்டம் விதிக்கும் தனிக் கடமையாகும்.

மைனருக்கே உரிய ஒரு குறையையும் இங்கே சொல்லவேண்டும். அதன் முன்சில்லைத் தாங்கும் கீழ்மூட்டு திருகுபுரிகளால் ஆனது. ஆங்கிலத்தில் அதை ட்றனியன் என்பர். ஒழுங்காகக் கிறீஸ் இடாவிட்டால் புரிகள் தேய்ந்து, ஓடும்போதே சில்லு மடிந்து விழும். காரைத் தாழ்த்தி, அகன்ற சில்லுகள் பூட்டி அழகு பார்ப்போர் அந்த மூட்டின்மேலேயே கூடுதற் பாரத்தை ஏற்றுகின்றனர்.

இனி உவர்க்காற்று. மன்னாரிலே கடலும் உப்பளமும் பழைய காருக்குப் பகை. மைனருக்கு லொறியைப் போலத் தனிச் சட்டகம் முழுநீளத்துக்கு இல்லை. தரையும், கதவுகளின் கீழே ஓடும் பெட்டி போன்ற விளிம்புகளும், குறுக்குச் சட்டமும் சேர்ந்தே காரைத் தாங்குகின்றன. முன்சில்லுகளின் முறுக்குக் கம்பிகள் அந்தக் குறுக்குச் சட்டத்திலேயே மாட்டப்பட்டுள்ளன. கறள் முதலில் தின்பதும் அவ்விடத்தைத்தான். வெளியே பார்த்தால் மின்னும் வண்ணம். கீழே குனிந்து ஊசியாற் குத்தினால் மாவாக உதிரும் இரும்பு. அங்கே கண்ணாடி நாரை ஒட்டி, தார் பூசி மறைத்தல் பழுது பார்த்தலாகாது. உரிய கனமுள்ள தகட்டை வெட்டி முழு நீளமும் வெல்டிங் செய்வதே முறை. கூரையை வெட்டித் திறந்த காராக்க விரும்புவோரும் உண்டு. மொறிஸ் தொழிற்சாலை திறந்த கார்களைச் செய்தபோது அடிப்பகுதிக்கு மேலதிக வலுவூட்டிற்று என்பதை அவர்கள் அறிந்திருத்தல் நலம். கூரையை இழந்த சாதாரண மைனர் நடுவே வளையும். கதவுகள் தாமே திறக்கும்.

இந்தத் தகடுகளைப் பற்றிப் பெருமைப்படத்தக்க ஒரு செய்தி உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சாள்ஸ் வெயர் என்பவர், பழைய காரைப் புதுப்பித்து நெடுங்காலம் வைத்திருப்பதே சிக்கனம் என்று வாதித்தவர். மைனருக்கு வேண்டிய உடற்தகடுகளை அவர் 1990களில் இலங்கையிலே செய்விக்க ஏற்பாடு செய்தார். பிரித்தானியக் காருக்கு வேண்டிய தரைத்தகடு இலங்கைத் தொழிலாளரின் கையாற் செய்யப்பட்டுப் பிரித்தானியாவுக்கே ஏற்றுமதியாயிற்று.

விளக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1961க்கு முந்திய மைனர்களில் கதவுத் தூணிலிருந்து சிறு கைபோல எழும்பும் திசைகாட்டியே இருந்தது. அதன் பக்கத்திலே மினுங்கும் விளக்கைச் சேர்ப்பதால் காரின் அழகு கெடாது. பின்னால் வரும் இளைஞருக்கு அந்தக் கையின் பொருள் தெரியாது என்பதையும் எண்ண வேண்டும். கண்ணைக் கூசும் வெள்ளை விளக்கும், பின்புறத்தில் நீலமும் பச்சையும் மினுங்குவதும் வேண்டா. ஒலி அடக்கியை அகற்றி ஊரை எழுப்புவதும் அவ்வாறே. இலக்கத் தகட்டை அலங்கார எழுத்தில் எழுதுதல் குற்றம். இந்நாட்டில் இலக்கத் தகடு எவ்வளவு பெரிய பொருள் என்பதை 1957, 1958 ஆம் ஆண்டுகளின் ஸ்ரீ எழுத்துக் கிளர்ச்சியை அறிந்தோர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

பிற நாடுகள் இவ்விடயத்தை எவ்வாறு நோக்குகின்றன? தலைமன்னாருக்கு எதிர்க்கரையிலுள்ள இந்தியாவிலே, உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கண்டிப்பான ஒரு தீர்ப்பை அளித்தது. வாகனத்தைச் செய்தவர் குறித்த விவரங்களினின்றும் மாறுபடுமாறு அதனை மாற்றியமைத்தல் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவுக்கு முரண் என்பதே அதன் சாரம். 2021 இல் இந்திய அரசு, 50 ஆண்டு கடந்த, பெரிதும் மாற்றப்படாத வாகனங்களைப் புராதன வாகனங்களாகப் பதிவதற்குத் தனி விதி வகுத்தது. அவற்றை நாளாந்தத் தேவைக்கோ வாடகைக்கோ ஓட்டலாகாது. காட்சிப் பொருளுக்கு இது பொருத்தம். உழைக்கும் காருக்கு அன்று.

பிரித்தானியரின் வழி வேறு. அங்கே நெடுங்காலம் ஒரு புள்ளிக் கணக்கு இருந்தது. மாற்றப்பட்ட கார் தன் பழைய இலக்கத்தைத் தக்கவைக்க 8 புள்ளி பெறவேண்டும். உடற்கூட்டுக்கு 5 புள்ளி. தாங்கமைப்பு, அச்சு, கியர், திசைமாற்றி ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் 2. எஞ்சினுக்கு 1 மட்டுமே. 2025 ஓகஸ்டில் இவ்விதிகள் தளர்த்தப்பட்டன. எனினும் அந்தக் கணக்கின் உட்கருத்து சிந்திக்கத்தக்கது. எஞ்சின் வரும், போகும். உடற்கூடே கார் என்பது அவர்கள் முடிவு. இரண்டு மைனர்களை வெட்டி ஒன்றாக்கும்போது எழும் சிக்கலும் அதுவே. சேசிஸ் இலக்கம் பொறித்த தகட்டை ஒரு காரிலிருந்து கழற்றி மற்றொன்றில் அடித்தால், அது மாற்றியமைத்தல் ஆகாது. களவை மறைக்கும் செயலாகவே கொள்ளப்படும்.

இத்தனையும் கேட்ட மன்னார்வாசி ஒருவர் ஒரு நியாயமான கேள்வி கேட்கக்கூடும். எஞ்சினை மாற்றியவர் தந்தை, அவர் இறந்துவிட்டார். விற்றவர் இடம்பெயர்ந்து கடல் கடந்தார். பற்றுச்சீட்டு என்ற ஒன்று எழுதப்படவே இல்லை. பதிவுப் பத்திரம் ஓட்டத்தில் தொலைந்தது. இப்பொழுது யாரிடம் போவது?

இக்கேள்வியின் பாரம் 2022 இல் வெளிப்பட்டது. எரிபொருள் நெருக்கடியின்போது அவ்வாண்டு ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதி முறை வந்தது. வாகன இலக்கமும் சேசிஸ் இலக்கமும் பதிவேட்டோடு ஒத்துவந்தாலன்றிப் பெற்றோல் இல்லை. 2023 செப்டெம்பரில் அம்முறை நீங்கியது. ஏட்டோடு ஒவ்வாத கார் ஒரே நாளில் அசையாப் பொருளாகிவிடும் என்பதை அந்த ஓராண்டு காட்டிற்று. பின்னர் 2025 ஜனவரியில், வாகனங்களிற் பொருத்தப்பட்ட மேலதிக உறுப்புகளை அகற்றும் நடவடிக்கையைப் பொலிசார் நாடெங்கும் தொடங்கினர். பேருந்து, முச்சக்கரவண்டி உரிமையாளர் எதிர்ப்புத் தெரிவித்ததால் அவகாசம் கொடுக்கப்பட்டது. உயிருக்கு ஆபத்தான உறுப்புகளை அகற்றுவது வரவேற்கத்தக்கதே. ஆனால் ஆசைக்காக மாற்றியவரையும், பெற்றோல் இன்றியும் உதிரிப்பாகம் இன்றியும் மாற்றியவரையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் மாற்றப்பட்ட எஞ்சின்களுக்குப் பற்றுச்சீட்டு கேட்பதை விடுத்து, சத்தியக் கடதாசியையும் பரிசோதகரின் நேரடி அறிக்கையையும் கொண்டு ஒருமுறைப் பதிவு செய்ய வழி வகுத்தால், நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒளிவின்றி ஓட்டுவர். பரிசோதகரும் அந்தக் கார்களின் பிறேக்கைப் பார்க்கும் வாய்ப்பைப் பெறுவார். இன்றுள்ள நிலையில், அஞ்சி ஒதுங்கும் காரையே எவரும் பரிசோதிப்பதில்லை.

அத்தகைய ஒழுங்கு வரும்வரை செய்யத்தக்கவை சில உண்டு. பத்திரம் தொலைந்திருப்பின் பொலிஸில் முறைப்பாடு பதிந்து, அதன் பிரதியோடு திணைக்களத்தில் இணைப்பிரதி கோரலாம். கார் இறந்தவர் பெயரில் இருப்பின் முதலில் உரிமை மாற்றம். அதன் பின்னரே எஞ்சின் திருத்தம். வருடாந்த வருமான அனுமதிப் பத்திரத்தைப் பிரதேச செயலகத்தில் புதுப்பிக்கக் காப்புறுதிச் சான்று வேண்டும். 2008 முதல் புகைப் பரிசோதனையும் அதனோடு இணைக்கப்பட்டுள்ளது. மண்ணெண்ணெய்க் காலத்துக் காபிரேற்றரை அவ்வண்ணமே வைத்திருப்போர் அப்பரிசோதனையில் இடர்ப்படுவர். எஞ்சின் மாற்றத்தைக் காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்து, பதிலைப் பத்திரத்தோடு வைத்துக்கொள்க.

புதிதாக மாற்றப் புறப்படுவோர், பழைய எஞ்சினைத் தூக்குமுன் அதன் இலக்கத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மைனரின் எஞ்சின் இலக்கம், எஞ்சின் உடம்பில் ஆணியால் தைத்த ஒரு சிறு தகட்டிலே உள்ளது. கழுவும்போதும் வண்ணம் பூசும்போதும் கராஜிலே தொலைந்துபோகும் முதற்பொருள் அதுவாகும். தகட்டின்மேல் மெல்லிய கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்து உருவெடுத்து, நிழற்படமும் எடுத்து, திகதியிட்டு வைத்துக்கொள்ளலாம். புதிய எஞ்சினுக்கு விற்றவரின் பெயரும் முகவரியும் அடையாள அட்டை இலக்கமும் கொண்ட பற்றுச்சீட்டைக் காசு கொடுக்கும்போதே வாங்கிவிட வேண்டும். கழற்றிய எஞ்சினை இரும்புக்கு விற்றுவிட வேண்டா. எண்ணெய் பூசி, சாக்கினால் மூடி, உவர்க்காற்றுப் படாத மூலையில் வைத்திருந்தால், திருத்தம் பதிவாகும்வரை பரிசோதகர் கேட்கும்போது காட்டலாம்.